நாடி 78, சீராக உள்ளது

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருந்துக்கடையில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளாகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராய்டு மாத்திரை விழுங்குகிறவன் நான். குன்னூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். பேருந்து நிலையத்துக்கு மேலே இருந்த கடையில் சீட்டை நீட்டினேன். மாத்திரை எடுத்துக்கொடுத்த அம்மாள், கடைசியாக எப்போது நாடி பார்த்தீர்கள் என்று கேட்டார். நினைவில்லை என்றேன். மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ண ஆரம்பித்தார். எனக்குப் பின்னால் மூன்று பேர் காத்து நின்றார்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதாதா என்று கேட்டேன்.

"நடுவுல ஒண்ணு தப்பிச்சுன்னா தெரியாமப் போயிருமுங்க," என்றார்.

அவர் பெயர் ஜெஸிந்தா. அதற்குப் பிறகு நான் குன்னூருக்கு ஐந்தாறு முறை போனேன். வேறு வேலை இருப்பதாக ஒவ்வொரு முறையும் எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் சொன்னதைக் கொண்டுதான் இதை எழுதுகிறேன். கீழே வரும் எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

(கடையில் அவர் 'அவர்'. கதைக்குள் போனதும் 'அவள்' ஆகிவிடுகிறார். எழுதுகிறவர்களின் பழைய கெட்ட பழக்கம். என்னாலும் விட முடியவில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[நடுவட்டத்தில் மூன்று நாளாக மழை விடவில்லை. தேயிலைச் சரிவுகளின் மேல் மேகம் ஒரு வெள்ளைப்]

வெள்ளைப் போர்வைதான், வேறென்ன. நிறுத்திவிட்டேன்.

பிறகு இப்படி:

[தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்பக்கம் இருக்கிறது. அது சுரக்கும் ஹார்மோன் குறைந்தால் உடலின் வேலைகள் எல்லாம் மந்தமாகும். ரத்தத்தில் கொழுப்பு ஏறும். மிதமிஞ்சினால் இதயம் தாளம் தப்பித் துடிக்கும். அப்படித் துடிக்கும் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போய்]

இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கதையை இப்படித் தொடங்கினால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். கோடு போட்டு அடிக்காமல் விட்டிருக்கிறேன், இந்த விவரம் தெரியாமல் மேலே போக முடியாது.

3

1998-இல் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மருத்துவக் குழு நடுவட்டம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தது. டாக்டர் தேவநேசன் என்பவர் அதற்குத் தலைவர். தைராய்டு ஹார்மோன் கொஞ்சமாகக் குறைந்திருப்பவர்களுக்கு மாத்திரை கொடுத்தால் கொழுப்பு இறங்கி இதயம் நன்றாகுமா என்பது அவருடைய கேள்வி. ஐம்பது வயதைத் தாண்டிய இருநூற்றுப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு ஹார்மோன் மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்பது தின்றவர்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆய்வு முடிந்த பிறகுதான் பட்டியலைத் திறப்பார்கள்.

இதயம் தாளம் தப்பினால் உடனே தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், ஒவ்வொருவருக்கும் ஒரு முழு நிமிடம் நாடி பார்க்க மூன்று பெண்களை வேலைக்கு வைத்தார்கள். துடிப்பு நூறைத் தாண்டினாலோ, சீராக இல்லாவிட்டாலோ அன்றைக்கே மாத்திரையை நிறுத்த வேண்டும். அந்த மூவரில் ஒருத்தி ஜெஸிந்தா. அப்போது முப்பத்தொரு வயது. பிளஸ் டூவும் ஓராண்டு சுகாதாரப் பயிற்சியும் முடித்தவள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கழுத்தில் அடையாள அட்டையுடன் ஒரு வேலை, அவள் வீட்டில் அதுவரை யாருக்கும் வாய்த்ததில்லை.

அவள் பொறுப்பிலிருந்த எழுபது வீடுகளில் கடைசி வீடு மூக்கம்மாவுடையது. நடுவட்டத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் கீழே, தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. மூக்கம்மா முப்பத்திரண்டு ஆண்டு கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். கணவன் காளிமுத்து ஃபேக்டரியில் வாட்ச்மேன். நாடி எண்ணும்போது மூக்கம்மா மூச்சை அடக்கிக்கொள்வாள். மூச்சு விடுங்க அக்கா, நான் அதை எண்ணலை என்று ஜெஸிந்தா ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கும். எண்ணி முடித்ததும் தேங்காய் போட்ட ரொட்டி வரும்.

(மூக்கம்மாவைச் சாந்தமான பெண்ணாக எழுதியிருந்தேன். ஜெஸிந்தா சிரித்துவிட்டார். குழாயடியில் மூக்கம்மாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாதாம். பக்கத்து வீட்டுக்காரியோடு ஒன்பது ஆண்டு பேச்சுவார்த்தை இல்லையாம். திருத்திவிட்டேன்.)

4

1999 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. தோட்டத்துச் சாலையில் மண் சரிந்து பேருந்து வரவில்லை. அன்றைக்கு இருந்த ஐந்து வீடுகளில் நான்கு நடுவட்டத்திலேயே, அவற்றை முடித்தாள். மிச்சம் மூக்கம்மா.

[அன்று ஜெஸிந்தாவின் மகளுக்குக் கடுமையான காய்ச்சல்.]

இல்லை. காய்ச்சல் நானாகக் கொண்டுவந்தது. மகள் நன்றாகத்தான் இருந்தாள். ஆறு கிலோமீட்டர் சேற்றில் இறங்கி, ஆறு கிலோமீட்டர் ஏற மனம் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குப் போனாள். டீ போட்டுக் குடித்தாள். மூக்கம்மாவின் படிவத்தை எடுத்தாள். முந்தைய மூன்று முறையும் 76, 80, 78. தேதியைப் போட்டு, நாடி 78, சீராக உள்ளது என்று எழுதினாள். தொந்தரவு ஏதும் உண்டா என்ற கேள்விக்கு நேரே, இல்லை.

ஒரு எண்ணை உண்டாக்குவது எவ்வளவு சுலபம் என்று எனக்கும் தெரியும். மேலே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என்று எழுதினேனே, ஜெஸிந்தா என்னிடம் சொன்னது 'இருநூறு சொச்சம்'.

5

அடுத்த முறை அவள் போனபோது வீடு பூட்டியிருந்தது. மூக்கம்மாவோடு ஒன்பது ஆண்டாகப் பேசாத பக்கத்து வீட்டுக்காரிதான் விஷயத்தைச் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் அடுப்படியிலேயே விழுந்துவிட்டாளாம். ஒரு பக்கம் கையும் காலும் வரவில்லை, வாய் கோணிவிட்டது, கூடலூருக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள்.

ஜெஸிந்தா அடுத்த பேருந்தில் கூடலூர் போனாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் காளிமுத்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இரண்டு மூன்று வாரமாகவே நெஞ்சு படபடவென்று அடிப்பதாக மூக்கம்மா சொல்லிக்கொண்டிருந்தாளாம். டிஸ்பென்சரிக்குப் போகலாம் என்று அவர் கூப்பிட்டிருக்கிறார். அவள் வரவில்லை.

"வியாழக்கிழமை நர்சம்மா வரும், அதுக்கிட்டச் சொல்லிக்கிறேன்னா," என்றார் காளிமுத்து. "அன்னைக்கு மழை. சரி, அடுத்த தடவை வரும்போது பாத்துக்கலாம்னு இருந்துட்டோம்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

6

தோட்டத்து டிஸ்பென்சரியில் டாக்டர் தேவநேசன் விசாரணைக் கூட்டம் வைத்தார். இதய ஆய்வில் இருப்பவருக்குப் பக்கவாதம் வந்தால் மாத்திரை காரணமா என்று பார்த்தாக வேண்டும். காரணமாக இருக்கலாம் என்றால் மற்ற எல்லாருக்கும் நிறுத்த வேண்டும். அவர் மென்மையான மனிதர், குரலை உயர்த்தியதே இல்லை என்கிறார் ஜெஸிந்தா. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விழுவதற்குப் பதினோரு நாள் முன்புகூட நாடி சீராகத்தான் இருந்திருக்கிறது, ஆகவே மாத்திரையைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை என்றார். பிறகு ஒரு மரியாதைக்காகக் காளிமுத்துவிடம் கேட்டார்.

"எட்டாம் தேதி வியாழக்கிழமை இவங்க வந்து பாத்தாங்க இல்லைங்களா?"

ஜெஸிந்தா தரையைப் பார்த்தாள். காளிமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"வந்தாங்க," என்றார்.

ஆய்வு தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

பேருந்து நிறுத்தம்வரை காளிமுத்துவின் பின்னாலேயே போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஜெஸிந்தா கேட்டாள். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அவளால இப்பப் பேச முடியாது. பேச முடிஞ்சிருந்தா உங்களைக் காட்டிக் குடுத்திருக்க மாட்டா. அதான் நானும் குடுக்கலை."

(இந்த வசனத்தை நானே நம்பவில்லை. இப்படியா ஒரு மனிதர் பேசுவார் என்று இரண்டு முறை கேட்டேன். இப்படித்தான் சொன்னார் என்று ஜெஸிந்தா இரண்டு முறையும் சொன்னார்.)

7

[அன்று மாலையே ஜெஸிந்தா டாக்டர் தேவநேசன் தங்கியிருந்த விருந்தினர் விடுதிக்குப் போனாள். அவர் வாசலுக்கு வந்தார்.

"எட்டாம் தேதி நான் போகலைங்க டாக்டர். அந்த எழுபத்தெட்டு நானா எழுதினது."

அவர் திட்டவில்லை. அவளை உட்காரச் சொன்னார்.

"வேற எத்தனை வீடு இப்படி?"

"இது ஒண்ணுதாங்க."

"அதை இனி நான் எப்படிங்க நம்பறது?"]

இதற்குப் பிறகு நடந்தவை எழுத எளிதானவை. மறுநாளே மாத்திரையை நிறுத்தினார்கள். கோயம்புத்தூரிலிருந்து டாக்டர்கள் வந்து அத்தனை பேருக்கும் ஈசிஜி எடுத்தார்கள். மேலும் மூன்று பேருக்கு இதயம் தாளம் தப்பியிருந்தது. யாருக்கும் உயிராபத்து வரவில்லை. ஜெஸிந்தாவின் வேலை போயிற்று. பிறகு வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயர் கிடையாது. பட்டியலைத் திறந்தபோது மூக்கம்மா தின்றது ஹார்மோன் மாத்திரைதான் என்று தெரிந்தது. மூக்கம்மா நான்கு ஆண்டு உயிரோடு இருந்தாள். வலது கை வரவில்லை. பேச்சும் வரவில்லை. குழாயடி அமைதியாகிவிட்டது என்று எழுதினேன். அது அழகுக்காக வந்த வரி, எடுத்துவிட வேண்டும்.

8

எழுதி முடித்ததைப் போன மாதம் குன்னூருக்கு எடுத்துப்போய் ஜெஸிந்தாவிடம் கொடுத்தேன். மதிய நேரம், கடையில் கூட்டம் இல்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். ஏழாம் பகுதிக்கு வந்ததும் விரல் நின்றது.

"அன்னைக்குச் சாயந்தரமே போகலைங்க."

மறுநாளா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். கூட்டம் முடிந்த பிறகும் அவர் வழக்கம்போல வேலைக்குப் போயிருக்கிறார். மற்ற வீடுகளில் உட்கார்ந்து, எல்லாருக்கும் முழு நிமிடம் எண்ணியிருக்கிறார். மற்ற இரண்டு பெண்கள் பார்த்த வீடுகளிலும் மாத்திரை போய்க்கொண்டுதான் இருந்தது. பிறகு தாளம் தப்பியதாகத் தெரிந்த அந்த மூன்று பேரும் தின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

படிக்கிறவர்களுக்கு இப்படி இருந்தால்தான் உங்களைப் பிடிக்கும், இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன்.

"வேண்டாங்க," என்றார். "போகாத ஊட்டுக்குப் போனதா ஒருக்கா எழுதினதே போதுங்க."

எத்தனை நாள் பொறுத்துப் போனீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அதை மட்டும் கேட்காதீர்கள் என்றார். சர்க்கரை மாத்திரைச் சீட்டோடு ஒருவர் வந்து நின்றார். அவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஊருக்குத் திரும்பி அந்த வாக்கியத்தை மாற்ற உட்கார்ந்தேன். மூன்று நாள் என்று போட்டுப் பார்த்தேன். பயந்துபோன ஒரு நல்ல பெண் வந்தாள். நாற்பது நாள் என்று போட்டேன். அவளை எனக்கு யாரென்றே தெரியவில்லை. இரண்டில் எதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. பழையதை மேலே அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன், இப்போது ஏழாம் பகுதியின் முதல் வாக்கியம் இப்படி இருக்கிறது:

கூட்டம் முடிந்து ........ நாள் கழித்து ஜெஸிந்தா டாக்டர் தேவநேசனைப் பார்க்கப் போனாள்.

நான் இதை நிரப்பப் போவதில்லை. உங்கள் கை சும்மா இருக்காது என்று தெரியும். நீங்கள் எழுதும் எண்ணை ஜெஸிந்தா சரிபார்க்க மாட்டார்.