காதுக்குள் வளர்ந்த எலும்பு

என் மனைவியின் தம்பி கப்பலுக்கு அடியில் மூழ்கி, ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டுகிறவன். பதினெட்டு வருட வேலை. நான் அருங்காட்சியகத்தில் பழைய மண்டையோடுகளை அளப்பவன். அன்று அவனுக்குக் காது சோதனை. தேறாவிட்டால் தண்ணீரில் இறங்கும் அனுமதி போய்விடும். மருத்துவமனை வரிசையில் காத்திருந்தோம்.

“மாமா, நம்ம மூதாதைங்க தண்ணியில வாழ்ந்தாங்கன்னு சிலர் சொல்றாங்கள்ல? பழைய மண்டையோட்டுலயும் என்னை மாதிரியே காதுல எலும்பு வளர்ந்திருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்போ இது நோயில்ல, பரம்பரைச் சொத்து. ரெண்டு வரி எழுதிக் குடுங்க.”

“மெதுவா பேசு மாப்ளே. வரிசையே பார்க்குது.”

“என்ன?”

அவன் காதருகே குனிந்து விளக்கினேன். காதுத் துளைக்குள் தோல் ரொம்ப மெல்லிசு. அதற்கு அடியிலேயே எலும்பு. குளிர்ந்த தண்ணீர் வருடக்கணக்கில் உறுத்தினால் எலும்பு முண்டுமுண்டாக வளர்ந்து துளையை அடைத்துவிடும், உள்ளங்கையில் காய்ப்பு ஏறுவதுபோல. அந்தப் பழைய மனிதர்களும் அடிக்கடி முங்கியிருக்கலாம். ஆனால் அது அவரவர் ஆயுளில் வந்தது, பிள்ளைக்குப் போகாது. உடம்பே தண்ணீருக்கென்று மாறியிருந்தால் காது அடைபடாமல் அல்லவா இருக்க வேண்டும்?

“பதினெட்டு வருஷம் முங்கியும் தண்ணி என்னைச் சேர்த்துக்கலைங்கறீங்க.”

“நான் எழுதினா அது பொய்டா.”

“செத்தவன் மண்டைக்கு இருக்கிற மரியாதை மச்சானுக்கு இல்ல. அக்கா வரட்டும், சொல்றேன்.”

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் காதில் ஒருமுறை அறுவை செய்து கடைந்தெடுத்த எலும்பு மூன்றே வருடத்தில் திரும்ப வளர்ந்திருந்தது. இன்னொரு முறை கடைந்தால் நரம்புக்கு ஆபத்து என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

கண்ணாடி வைத்த சோதனைக்கூண்டில் அவனுக்கு ஹெட்போனை மாட்டி உட்கார வைத்தார்கள். ஒலி கேட்டதும் பொத்தானை அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சோதிக்கும் பெண்ணின் அருகில் நான் நின்றேன். ஐந்து முறையும் சரியாக அமுக்கினான். எனக்கே நம்பிக்கை வந்தது.

அவள் எழுந்துபோய்க் கூண்டின் கதவைத் திறந்தாள். “அண்ணே, என் விரலைப் பார்த்துல்ல அமுக்குறீங்க,” என்று நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டு வந்தாள்.

மறுபடி தொடங்கினாள். ஒலி போகும்போதெல்லாம் அவள் மேசையில் சின்ன விளக்கு எரிந்தது. அனுமதிக்கான அளவு வரை படிப்படியாக ஏற்றினாள். இரண்டு காதுக்கும். அவன் கட்டைவிரல் பொத்தான்மேல் தயாராக இருந்தது.

அவள் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்தபடியே உரக்கச் சொன்னான்:

“ஆரம்பிச்சதும் சொல்லும்மா.”