குரலுக்கு முதல் வழி

நூகு பாய் நான்கு நாட்களாக வாயைத் திறக்கவில்லை. இருந்த கொஞ்சக் குரலைச் சேர்த்து வைத்திருந்தார். சென்னையில் ஒரு மருத்துவமனையில் மறுநாள் காலை பத்து மணிக்கு அவருடைய குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். தொண்டையில் புற்று. அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால் அதன் காதில் தானே பாங்கு சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணமெல்லாம். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து வரும் பிள்ளை.

முஸ்லிம் வீட்டில் பிள்ளை பிறந்ததும் அதன் வலது காதில் பாங்கு சொல்வார்கள். உலகத்தில் அது கேட்கிற முதல் வார்த்தை தொழுகைக்கான அழைப்பாக இருக்க வேண்டும் என்று. சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. அவர்கள் ஊரான மேலப்பாளையத்தில் கூப்பிட்ட குரலுக்கு நூறு பேர் வருவார்கள். ஆனால் அவர்கள் தெருப் பள்ளிவாசலில் மோதினார் ஊரில் இல்லாத நாட்களில் பாங்கு சொல்லிவந்தவரே நூகு பாய்தான். அப்படிப்பட்டவருடைய பிள்ளைக்கு இன்னொருவர் சொல்வதாவது என்று அவர் மனைவி மைதீன் பாத்திமா பிடிவாதமாக இருந்தார்.

பிள்ளை அன்று விடியற்காலையில் பிறந்தது. பெண். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் ஆபீசுக்கு மூன்று கட்டிடம் தள்ளி ஒரு நர்சிங் ஹோமில். 1999 நவம்பர் மாதம், மூன்றாவது நாளாக விடாத மழை. ஆற்றில் வெள்ளம் சுலோசனா முதலியார் பாலத்தின் வளைவுகளை முக்கால்வாசி மூடிவிட்டது. எங்கேயோ கேபிள் அறுந்து ஊரில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலும் வெளியூர் லைன் கிடைக்கவில்லை. சென்னைக்குப் பேச ஒரே வழி எங்கள் ஆபீஸ் மொட்டைமாடியில் இருந்த சாட்டிலைட் டிஷ்தான்.

நான் வைத்தீஸ்வரன். பம்புசெட் விற்கும் கம்பெனியின் திருநெல்வேலிக் கிளையில் கம்ப்யூட்டர்களையும் அந்த டிஷ்ஷையும் பார்த்துக்கொள்வது என் வேலை. நூகு பாய் அதே கிளையில் ஸ்டோர் கீப்பர். சென்னைத் தலைமை அலுவலகத்தோடு பேசுவது, மெயில், இன்டர்நெட் எல்லாமே டிஷ் வழியாக ஒரே பாதையில் போய்வந்தன. பாதை சின்னது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் இன்டர்நெட்டைத் திறந்தால் போனில் பேச்சு சிதறிப்போகும்.

அதைப் பற்றி முதலில் என்னோடு சண்டைக்கு வந்தவர் நூகு பாய்தான். அப்போது தொண்டை லேசாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. மழையில் நனைந்ததால் என்று எல்லாரும் நினைத்திருந்தோம்.

"வே வைத்தி, மெட்ராசுக்காரன் அஞ்சு எச்.பி.ங்கானா ஏழரை எச்.பி.ங்கானா ஒண்ணும் வெளங்கல. இங்கன இருக்கிற பயலுவ கிரிக்கெட் ஸ்கோர் பாக்கணும்னு என் பேச்சைக் கொத்திப் போடுதானுவளேவே. இதுக்கு ஒரு வழி கிடையாதா?"

வழி இருந்தது. ரவுட்டர் என்கிற பெட்டிதான் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தி அனுப்புகிறது. இரண்டு வரி எழுதிப்போட்டால், குரல் வந்தால் மற்றதை நிறுத்திவிட்டு அதை முதலில் அனுப்பும். படம் இரண்டு விநாடி தாமதமாக வந்தாலும் அதே படம்தான். பேச்சு தாமதமாக வந்தால் அது பேச்சே இல்லை. இதை அவரிடம் விளக்கினேன்.

"அப்பம் போட வேண்டியதுதான? காத்திருக்க முடிஞ்சது காத்திருக்கட்டும்" என்றார்.

போட்டேன். போட்டுவிட்டுச் சென்னையில் ரவுட்டரைப் பார்த்துக்கொள்ளும் சுந்தர்ராமனைப் போனில் கூப்பிட்டு, "நான் பேசுறது எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சுந்தர்ராமனுக்கும் எனக்கும் ஆகாது. ஒரு பயிற்சி வகுப்பில் இருபது பேர் முன்னால், "திருநெல்வேலியில ரவுட்டரைப் பெட்டின்னுதான் சொல்லுவீங்களா தம்பி?" என்று கேட்டுச் சிரித்தவர். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். வந்தால் லேசில் இறங்காது. நான் குரலுக்கு முதல் வழி விட்ட மறுநாள் அவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. 'என் பக்கத்திலும் அதைப் போட வேண்டுமா? அந்த இரண்டு வரிகளை அனுப்பு.' நான் ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். 'தேவையில்லை.'

அந்த வாரமே நூகு பாய்க்கு நோய் தெரிந்து சென்னைக்குப் போய்விட்டார். சென்னைக்கு அன்றாடம் போன் பேசுகிற ஆள் ஆபீசில் இல்லாமல் போனது. போன் எடுக்கிற கோமு மட்டும் ஒருநாள், "எனக்கு இன்னும் வெட்டி வெட்டித்தான் கேக்கு சார்" என்றாள். "ரிசீவரைக் காதுல ஒழுங்கா வச்சுப் பழகு" என்று எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிள்ளை பிறந்த அன்று மற்ற ஏற்பாடுகளையெல்லாம் செய்தது அந்தக் கோமுதான். காலையில் ஆபீஸ் திறந்ததும் சுந்தர்ராமனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் கம்பெனி காரை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், டாக்டரிடம் மன்றாடி ஒரு மணி நேரம் வாங்கி நூகு பாயைத் தன் அறைக்கே கூட்டிவந்துவிட்டார். டாக்டர் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தாராம். ஒரு தடவைதான். மெதுவாக. தொண்டையில் ஏற்கெனவே ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது, இரண்டாவது தடவைக்கு அது தாங்காது.

பதினொன்றரைக்கு மைதீன் பாத்திமாவின் தங்கை ஜனாபா பிள்ளையைப் பூந்துவாலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். நர்சிங் ஹோம் ஆயா ஒருத்தி குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். ரவுட்டர் இருந்த அலமாரி அறைக்குப் பக்கத்தில், நூகு பாய் வழக்கமாக உட்கார்ந்து பேசும் மேஜையில் போனை எடுத்து வைத்தேன். மழைக்கு வெளியே போக முடியாமல் ஆபீஸ் முழுக்க ஆட்கள். எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்கள்.

கோமு வந்து பைய என் காதருகே கேட்டாள். "சார், கொஞ்ச நேரம் எல்லாரையும் நெட்டை நிறுத்தச் சொல்லட்டா?"

"எதுக்கு? குரலுக்குத்தான் முதல் வழி போட்டிருக்கேன்லா? அவங்க பாட்டுக்குப் பாக்கட்டும்."

இதை நான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

போனில் சுந்தர்ராமன் வந்தார். நான் கேட்டது அப்போதும் அதே கேள்விதான். "நான் பேசுறது கேக்குதா?" "நல்லா கேக்குது, ஆரம்பிக்கலாம்" என்று அவர் சொன்னது லேசாக உடைந்து வந்தது. மழைதான் காரணம் என்று நினைத்தேன். ரிசீவரை ஜனாபாவிடம் கொடுத்தேன். அவர் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அதைப் பிள்ளையின் வலது காதில் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஜனாபாவின் புருவம் சுருங்கியது. "சார்" என்றார். "வெட்டி வெட்டி வருதே சார்."

நான் குனிந்து காதைக் கொண்டுபோனேன். அல்லாஹு என்று ஒரு துண்டு. பிறகு வெறுமை. பிறகு எந்த வார்த்தையென்று தெரியாத ஒரு ஓசை. மறுபடி வெறுமை. பிள்ளை திடுக்கிட்டு வீறிட்டு அழ ஆரம்பித்தது.

எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. ரவுட்டர் தன் வாசலைத் தாண்டி வெளியே போவதைத்தான் வரிசைப்படுத்தும். உள்ளே வருவதை வரிசைப்படுத்த, அதை அனுப்புகிற முனையில் இருக்கும் ரவுட்டரால்தான் முடியும். இன்டர்நெட்டில் இவர்கள் கேட்ட படமெல்லாம் சென்னையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நூகு பாயின் குரலும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அங்கே அந்த இரண்டு வரிகள் இல்லை. நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறதா என்று ஒரு மாதமாகக் கேட்டிருந்தேனே தவிர, அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறதா என்று ஒருநாளும் பார்க்கவில்லை. கோமு சொன்னபோது அவள் மேலேயே பாய்ந்தேன்.

நிறுத்துங்கள், மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்க முடியாது. அவரிடம் இருந்தது ஒன்றுதான், அதைச் செலவழித்துக்கொண்டிருந்தார். அலமாரி அறைக்கு ஓடினேன். எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ரவுட்டரோடு சேர்க்கிற கேபிளைப் பிடித்து இழுத்தேன். கிளிப் உடைந்து கையில் வந்தது. ஏற்கெனவே கிளம்பிவிட்ட படங்கள் எல்லாம் வந்து தீர வேண்டுமே. திரும்பி ஓடிவந்தேன். அதற்குள் ஹாலில் யாரோ, "யேய், நெட்டு போயிட்டுலே" என்று கத்தினார்கள்.

நான் வந்து குனிந்தபோது குரல் தெளிந்திருந்தது. கரகரத்த, நடுங்குகிற குரல். ஆனாலும் நூகு பாயின் குரல். லா இலாஹ இல்லல்லாஹ் என்று கடைசி வரியை நிறுத்தி, இழுத்துச் சொல்லி முடித்தார். பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை.

ஜனாபா ரிசீவரை என்னிடம் நீட்டினார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை.

"கேட்டுச்சா வைத்தி?" நூகு பாய் மூச்சாகக் கேட்டார். "பிள்ளைக்கு முழுசா கேட்டுச்சா?"

"கேட்டுச்சு பாய். முழுசா கேட்டுச்சு."

அவர் பேசியதில் அந்தக் கேள்வியே கடைசி என்று பிறகு சுந்தர்ராமன் சொன்னார். திரும்பும் வழியில் காரில் ரத்தம் கக்கியிருக்கிறார்.

ஜனாபா துவாலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "கடைசி மட்டுந்தான் கேட்டுது. பிள்ளையைப் பெத்த ராத்தா கேப்பா. நான் என்னன்னு சொல்ல?" என்றார். குடைக்குள் பிள்ளையை அணைத்துக்கொண்டு அவர் மழையில் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் சுந்தர்ராமனுக்கு அந்த இரண்டு வரிகளை அனுப்பினேன். கீழே, 'தப்பு என்னுடையது' என்று எழுதினேன். கோமுவிடமும் சொன்னேன். அவள் "சரி சார்" என்றாள்.

நூகு பாய் பொங்கல் கழிந்து வேலைக்குத் திரும்பினார். பாதியாக மெலிந்திருந்தார். கழுத்தில் இருந்த துவாரத்தை மறைத்து வெள்ளைத் துணி கட்டியிருந்தார். பேச வேண்டியதை ஸ்டோரில் சரக்குக் கேட்டு எழுதும் இன்டென்ட் புத்தகத்தில் எழுதிக் காட்டினார். நடுவில் கார்பன் தாளை வைத்து எழுதி, மேல் தாளைக் கிழித்து எதிரில் இருப்பவரிடம் கொடுப்பார். நகல் புத்தகத்திலேயே இருக்கும். இருபது வருஷப் பழக்கம். பேச்சுக்கும் அது ஒட்டிக்கொண்டது.

நான் இரண்டு நாள் அவர் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் பம்புப் பெட்டிகளுக்கு நடுவே அவர் தனியாக இருந்த நேரம் பார்த்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சுந்தர்ராமன் மேல் இருந்த வீம்பு, 'தேவையில்லை' என்ற மெயில், கோமு கேட்டது, நான் சொன்னது. "அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன் பாய். பிள்ளைக்குக் கடைசி வரி மட்டுந்தான் கேட்டுது. நான் பாதிதான் போட்டிருந்தேன். இங்கன இருந்து போறதுக்கு மட்டும்." எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க முயலவில்லை.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்ட அவரிடம் குரல் இல்லை. இன்டென்ட் புத்தகத்தை இழுத்து, கார்பனைச் சரியாக வைத்து எழுதினார். கிழித்துக் கொடுத்தார்.

'நான் ஊர் வந்த அன்னைக்கே ஜனாபா சொல்லிட்டா. பிள்ளை அழுதது அங்கன எனக்கு ஒரு துளி விடாமக் கேட்டுது. பக்கத்துல கிடந்து அழுத மாதிரி. அதைக் கேட்டுக்கிட்டேதான் சொல்லி முடிச்சேன்.'

நான் அதைப் படித்து முடிப்பதற்குள் அவர் அடுத்த தாளில் எழுத ஆரம்பித்திருந்தார்.

'மத்த பாதியும் போட்டாச்சாவே?'

"போட்டாச்சு பாய். அன்னைக்கே போட்டாச்சு."

அவர் தலையை ஆட்டினார். புத்தகத்தை மூடிவிட்டுப் பெட்டிகளை எண்ணப் போய்விட்டார். அந்தப் போன் இப்போது இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி கேட்கிறது. ஸ்டோரிலிருந்து அதில் பேசத்தான் யாரும் இல்லை.