தேய்த்துக் குளித்துவிட்டு வா

நினெத்துக்குத் தன் வாயைப் பற்றிக் கொஞ்சம் பெருமை உண்டு. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். அதைத்தான் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். குவாத்தமாலா நகரத்துப் பொது மருத்துவமனை ஒன்றில், கதிர்வீச்சுப் பிரிவில், பதினாறு வருஷமாக நர்ஸ். காலையில் ஐம்பது பேர் வந்து நிற்பார்கள். இருப்பது ஒரே மெஷின், அதுவும் வாரத்துக்கு ஒரு நாள் படுத்துக்கொள்ளும். இந்த நெருக்கடியில் யாருக்குத்தான் நாக்கு இனிக்கும் என்று கேட்பாள். நியாயம்தான். ஆனால் அதே நெருக்கடியில் டாக்டர்களிடம் பேசும்போது அவள் நாக்கு நன்றாகவே இனித்தது.

பஸ்குவாலா தொத்தோனிகாப்பான் மலைப்பக்கத்துக் கிச்சே பழங்குடிப் பெண். நாற்பத்து நாலு வயது, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். இருபத்தைந்து தடவை கதிர் வைக்க வேண்டும் என்றார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதி ஒன்றில் தங்குவாள், வெள்ளி மத்தியானம் பஸ் பிடித்து ஊருக்குப் போவாள். முதல் நாள் விவரம் எழுதும்போதே நினெத் கேட்டுவிட்டாள், இதுவரை எத்தனை ஆம்பளைகள் என்று. ஒருத்தர்தான் என்றாள் பஸ்குவாலா. புருஷன். கரும்பு வெட்டக் கடற்கரைப் பக்கம் போய் ஆறு மாசம் கழித்து வருகிறவர். நினெத் புருவத்தைத் தூக்கிக்கொண்டே எழுதினாள். இந்த நோயைக் கொண்டுவரும் கிருமி உடலுறவில் தொற்றுகிறது என்று படித்தவள்தான். யார் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள் என்று யோசிக்க மட்டும் அந்தப் படிப்பு போதவில்லை.

அன்றே அடிவயிற்றிலும் இரண்டு இடுப்பிலும் நீல மையால் கோடு போட்டார்கள். கதிர் அந்தக் கோடுகளை வைத்துத்தான் விழ வேண்டும். அங்கே சோப்போ வெந்நீரோ படக்கூடாது, கோடு அழிந்தால் எல்லாம் கெட்டது என்று நினெத் ஸ்பானிஷில் கடகடவென்று ஒப்பித்தாள். பஸ்குவாலா தலையாட்டினாள்.

இந்த நோய்க்கு ஒரு வாடை உண்டு. கழுவினால் போகிற வாடை இல்லை, உள்ளே புண் அழுகுவதால் வருவது. பதினாறு வருஷ நர்ஸுக்கு அது தெரியாததா? ஆனாலும் பதினாலாவது நாள், ஒரு வெள்ளிக்கிழமை, பஸ்குவாலா மேசையிலிருந்து இறங்கி, நெய்த பாவாடையை இழுத்துப் பிடித்து, எட்டு முழ இடுப்புப் பட்டையை நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது நினெத்துக்குப் பொறுமை போய்விட்டது. அடுத்த ஆளுக்காகக் கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் பத்துப் பெண்கள். நினெத் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போனதும் நல்லா தேச்சுக் குளிச்சிட்டு வா. பக்கத்துல நிக்க முடியல.”

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பஸ்குவாலா பட்டையைச் சுற்றி முடித்தாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை வரும்போது ஊரிலிருந்து சோம்பு போட்ட ரொட்டி ஒரு பொட்டலம் கொண்டுவந்து நினெத் கையில் கொடுத்தாள். நினெத் அதை வாங்கி மேசைக்கு அடியில் தள்ளினாள். அந்தக் கை பட்ட ரொட்டியைத் தின்ன அவளுக்கு மனசில்லை. பிறகு பஸ்குவாலா படுத்தாள், துணியை விலக்கினால் கோடுகளைக் காணோம். அடிவயிறு முழுக்க வெந்து சிவந்து, இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது.

நினெத் கத்திய கத்தலில் பெஞ்சே எழுந்து நின்றது. முதல் நாளே சொன்னேனே, மண்டையில் ஏறவில்லையா, மலையிலிருந்து வருகிறவர்களுக்கு எத்தனை தடவைதான் சொல்வது என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னாள். சத்தம் கேட்டு டாக்டர் அர்ரியோலா வந்தார். பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. தோல் ஆற வேண்டும், மறுபடி படம் எடுத்து அளந்து கோடு போட வேண்டும், அதற்கு ஒன்பது நாள் ஆகும் என்றார். இடையில் விடுகிற ஒவ்வொரு நாளும் கட்டிக்குத்தான் லாபம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

என்னதான் செய்தாய் என்று அவர் கேட்க, பஸ்குவாலா சொன்னாள். அவர்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கொல்லையில் கல்லும் மண்ணுமாய் ஒரு நீராவிக் குடில் உண்டு. உடம்புக்கு எது வந்தாலும், பிள்ளை பெற்றாலும், அதற்குள் போய் வேர்க்க வேர்க்கக் குளிப்பார்கள். சனிக்கிழமை மூன்று தடவை போனாளாம். நாத்தனார் கருப்புச் சோப்பும் பீர்க்கை நாரும் வைத்துத் தேய்த்துவிட்டாளாம்.

“குளின்னு யாரு சொன்னா?” என்றார் டாக்டர்.

நினெத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ்குவாலா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான்.”

வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பட்டென்று பேசுகிற நினெத் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள். ஒழுங்காகச் சுருட்டியிருந்ததைப் பிரித்து மறுபடியும் சுருட்டினாள்.

அந்த ஒன்பது நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இவள் ஊரிலேயே இருந்துவிடுவாள், திரும்பி வரமாட்டாள், நான்தான் கொன்றேன் என்று காலையில் பெயர்ப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டாள். அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அதற்கு நடுவில் ஒரு சின்ன ஆறுதல் வைத்திருந்தாள்: என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே, மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது என்று.

பஸ்குவாலா வந்தாள். புதுக் கோடு போட்டு முடிந்ததும் நினெத் அவளைக் கட்டு மாற்றுகிற அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். ஒன்பது நாளாக மனப்பாடம் செய்ததில் பாதி மறந்துவிட்டது.

“தப்பு என்னுதுங்க. அந்த வாடை உங்க அழுக்கு இல்ல, நோயோடது. அது தெரிஞ்சும் அப்படிச் சொன்னேன். டாக்டர்கிட்ட நீங்க என் பேரச் சொல்லல. உங்க நல்ல மனசுக்கு…”

“நல்ல மனசெல்லாம் இல்ல சிஸ்டர்,” என்றாள் பஸ்குவாலா. குரலில் கோபம் இல்லை. “இன்னும் பதினோரு நாள் உங்க முன்னாடிதான துணிய அவுத்துட்டுப் படுக்கணும். பயம். ரொட்டி கொண்டாந்ததும் அதுக்குத்தான்.”

நினெத் வைத்திருந்த ஒரே ஆறுதலும் போயிற்று. மன்னிக்கப்படவே இல்லை அவள். அவளைப் பார்த்து ஒரு நோயாளி நடுங்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

நேராக டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து தலை நிமிரவில்லை. “விடும்மா. நீ சொல்லலேன்னாலும் போய்க் குளிச்சிருப்பாங்க. அவங்க அப்படித்தான்,” என்றார். நினெத் சொல்லக்கூடிய வார்த்தைதான் அது, போன மாதம் வரை சொன்ன வார்த்தையும்கூட. காதால் கேட்கும்போது கூசியது. நோயாளிமேல் தப்பில்லை, நர்ஸ் சொல்லித்தான் குளித்தாள் என்று ஃபைலில் எழுதுங்கள் என்று பிடிவாதமாக நின்றாள். அவர் சலித்துக்கொண்டு அரை வரி எழுதினார்.

திரும்பி வந்து பஸ்குவாலாவிடம் கேட்டாள்.

“உங்களுக்கு வேற நர்ஸப் போடச் சொல்லட்டுமா?”

வேண்டாம், நீங்களே இருங்கள் என்று அவள் சொல்வாள் என நினெத் எதிர்பார்த்தாள். அதற்காகவும் பிற்பாடு வெட்கப்பட்டாள்.

பஸ்குவாலா அதிகம் யோசிக்கவில்லை. “போடுங்க,” என்றாள்.

ஃபுளோரிதால்மா வயதில் சின்னவள், அடுத்த அறையில் வேலை. நினெத் அவளிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் கதவைச் சாத்து. இடுப்புப் பட்டையை அவங்களே அவிழ்க்கட்டும், அவசரப்படுத்தாதே. தொடுவதற்கு முன்னால் கேள். வாடைக்கு டாக்டரிடம் கேட்டு மருந்துப் பொடி வாங்கி வை. மூச்சை அடக்காதே, அவங்களுக்குத் தெரிந்துவிடும், மூக்கைப் பொத்தவே பொத்தாதே. ஃபுளோரிதால்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“இதெல்லாம் எனக்குச் சொல்லணுமாக்கா? நோயாளி முன்னாடி எந்த நர்ஸ் மூக்கப் பொத்துவா?”

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே பெஞ்சு நிறைய ஆள். நினெத் குரலைத் தணிக்கவில்லை.

“நான் பொத்துனேன்,” என்றாள்.