கவ்வாத்துச்சாமியின் தாச்சி

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த டிக்கோயாவில் பிரியந்தியின் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் குசினி வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். எதிர்ச்சுவர் முழுக்கப் பொரிக்கிற சட்டிகள், கறுப்புத் தாச்சிகள். நம் வீடுகளில் இருப்பதுபோலக் குழிந்த தாச்சியில்லை. கனத்த வார்ப்பிரும்பு, தட்டை அடி, ஒரு பக்கம் மட்டும் கட்டையான கைப்பிடி. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பங்களாக் குசினிகளுக்கென்று கப்பலில் வந்து இறங்கியவை. பங்களாக்கள் கைமாறி, சில ஹோட்டலாகி, சில இடிந்து விழுந்தபோது பழைய இரும்பாக எறியப்பட்டவற்றைத்தான் அவள் தேடித் தேடிச் சேர்த்தாள்.

"சுவரு நெறைய சட்டி. சோறு மட்டும் ரைஸ் குக்கர்ல" என்பான் அவள் கணவன் சுதாகரன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். வருகிற எல்லோரிடமும் இதையே சொல்லிச் சிரிப்பான்.

அவன் சொல்வது உண்மைதான். பிரியந்திக்குச் சமைப்பதில் பெரிய ஆசை கிடையாது. அவளுக்குப் பிடித்தது கழுவுவது. ஹட்டன் டவுனில் ஒரு பார்மசியில் நாள் முழுக்க மற்றவர்களின் நோய்களுக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்து, துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாகப் பாறைபோல் இறுகிக் கிடக்கும் ஒரு தாச்சியை எடுத்து, அடியிலிருந்து இரும்பின் சொந்தச் சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும்வரை தேய்ப்பாள். அந்த நிறம் தெரிகிற நேரத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்று லேசாகும். அது என்னவென்று அவளுக்குச் சொல்லத் தெரியாது.

ஒருநாள் மூன்று தாச்சிகளை அவள் ஒன்றாகவே வாங்கினாள். டவுன் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் முத்துலிங்கத்தின் பழைய இரும்புக்கடை. தகரக் குவியலுக்குப் பக்கத்தில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒரே அளவு, ஒரே அச்சு. அடியில் ஒரே எண். ஒரு பங்களாவுக்கு வாங்கிய செட்டாக இருக்கும் என்று நினைத்தாள். ஒன்றின் விளிம்பில் சிவப்பாக ஏதோ இருந்தது. துருவாக இருக்கும், இல்லாவிட்டால் பழைய பெயின்ட் என்று விட்டுவிட்டாள்.

வீட்டுப் பின்பக்கம் கோஸ்டிக் சோடா கரைத்த பீப்பாவில் மூன்றையும் சேர்த்து ஊறப்போட்டாள். தண்ணீர் சாயம் ஏறிக் கறுத்துப் போனது. பிறகு கம்பி நாரால் தேய்த்து, துரு போக வினாகிரித் தண்ணீரில் வைத்து, கழுவித் துடைத்து, மரக்கறி எண்ணெயை மெல்லிசாகப் பூசி, ஓவனுக்குள் கவிழ்த்து வைத்துச் சூடாக்கி எடுத்தாள். தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரித்தான். நாலைந்து தடவை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசியில் மூன்றும் நாவற்பழம் போல மினுங்கிக்கொண்டு சுவரில் ஏறின. போட்டோ எடுத்து பேஸ்புக்கிலும் போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் மெலிந்த உயரமான ஆள். கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர், பெயர் அழகன் என்றார். கூட வந்தவள் அம்மாக்கண்ணு. அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், ஐம்பதைத் தாண்டியிருப்பாள். முத்துலிங்கம்தான் விலாசம் கொடுத்தாராம்.

"தங்கச்சி, எங்க சாமியோட சட்டி ஒங்ககிட்ட இருக்காம்" என்றார் அழகன்.

பிரியந்திக்கு விளங்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அழகன் நாற்காலி நுனியில் இருந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். அவர்களுடைய ஆறாம் நம்பர் தேயிலை மலை ஓரத்தில் ஒரு மரத்தடியில் கவ்வாத்துச்சாமி இருக்கிறது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் அங்கே பூசை வைப்பார்கள், கத்தி யார் கையிலும் காலிலும் படக்கூடாது என்று. சாமிக்கு முன்னால் விளக்காக எரிவது கைப்பிடி வைத்த ஓர் இரும்புத் தாச்சி. எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வெள்ளிக்கிழமை தவறாமல் ஏற்றுவது அம்மாக்கண்ணு. போன மாதம் சாமிக்குப் புதுக் கூரை போட்டார்கள். பழைய தகரத்தை லொறிக்காரனுக்கு விற்றபோது தாச்சியும் அதோடு போய்விட்டது.

"நாளான்னைக்கி வெட்டு தொடங்குது. அதான் ஓடியாந்தோம்."

பிரியந்தி எழுந்து போய் மூன்று தாச்சிகளையும் இறக்கிக்கொண்டு வந்து மேசையில் வரிசையாக வைத்தாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். வெகு நேரம் பார்த்தார்கள்.

"எங்களுது கறுப்பா இருக்கும்" என்றாள் அம்மாக்கண்ணு.

"இதுங்களும் கறுப்புத்தானேக்கா."

"இந்தக் கறுப்பு இல்ல புள்ள. அது வேற கறுப்பு."

"நான் கழுவிட்டேன்க்கா" என்றாள் பிரியந்தி. "எனக்குத் தெரியாது. சாமி சட்டின்னு எழுதியா இருந்திச்சு?"

அவள் போனைத் தேடி எடுத்தாள். கழுவுவதற்கு முன் எடுத்த போட்டோ இருந்தது. அதைப் பெரிதாக்கி மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். பிசுக்கேறிய மூன்று வட்டங்கள். விளிம்பில் சிவப்பு இருந்தது எது என்று தேடினாள். வெளிச்சத்தில் எல்லாமே கொஞ்சம் சிவப்பாகத்தான் தெரிந்தது. அப்படியே அடையாளம் கண்டாலும், பீப்பாவுக்குள் போய்த் திரும்பி வந்த மூன்றில் எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

"ஏதாச்சும் வெடிப்பு, கீறல்?"

"அதோட அடிய நான் பாத்ததே இல்ல" என்றாள் அம்மாக்கண்ணு. "அசைக்க மாட்டேன். எண்ணெய் மட்டும் ஊத்துவேன்."

"மூணையும் கொண்டு போங்க" என்றாள் பிரியந்தி. "எனக்கு ஒண்ணும் வேணாம்."

அழகன் தலையை ஆட்டினார். "அது சரிவராது தங்கச்சி. மத்த ரெண்டுல தொரைங்க என்னத்தப் பொரிச்சாங்களோ. மாடு, பன்னின்னு. அதக் கொண்டுபோயி சாமி முன்னுக்கு வைக்க ஏலாது."

"ஆனா அண்ணே, மூணும் ஒரே செட். ஒங்களுதும் பங்களாவுல இருந்துதான்..." பிரியந்தி பாதியில் நிறுத்திக்கொண்டாள். சொல்லியிருக்கக்கூடாது என்று தோன்றியது. சொல்லாமல் விடுவதும் சரியாகப் படவில்லை.

அம்மாக்கண்ணுதான் பதில் சொன்னாள். "சாமிகிட்ட வந்ததுக்கு அப்புறம் அதுல எதையும் பொரிக்கல."

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று அழகன் முடிவு செய்தார். முற்றத்தில் இருந்த ரோசாச் செடிகளிலிருந்து வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று பூப் பறித்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தாச்சி. பூக்களைப் பேப்பரில் சுருட்டிக் குலுக்கிப் போட்டார்கள். அப்போதுதான் வேனைக் கழுவிவிட்டு ஈரக்கையோடு உள்ளே வந்த சுதாகரனை ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். அவன் என்ன ஏதென்று தெரியாமலே எடுத்தான். சிவப்பு. இடது ஓரத்துத் தாச்சி.

அழகன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் அம்மாக்கண்ணுவின் முகம் தெளியவில்லை. "குசினிக்குப் பக்கத்துல வச்சுக் கேட்டா சாமி எப்படிச் சொல்லும்? முத்தத்துல போடுங்க."

முற்றத்தில் போட்டார்கள். வெள்ளை வந்தது. சாமியிடம் இரண்டு தரம் கேட்டதே பிழை, இனி மூன்றாவதும் கேட்டுவிட வேண்டியதுதான் என்றார் அழகன். மூன்றாவது தடவை மஞ்சள் வந்தது. நாலாவது தடவை போடலாம் என்று யாரும் சொல்லவில்லை.

சுதாகரன் மட்டும், "இப்போ நான் என்னத்தத்தான் எடுத்தேன்?" என்று கேட்டான்.

அம்மாக்கண்ணு உள்ளே போய் ஒவ்வொரு தாச்சியாகத் தூக்கிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். மூன்றிலும் ஓவன் வாசனைதான் அடித்திருக்கும். வலது ஓரத்தில் இருந்ததைக் கீழே வைக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"இதுவாக்கா?"

"இதுன்னு வச்சுக்குவோம். வேற என்ன செய்யிறது?"

அழகன் தோளில் கிடந்த துவாயில் அதைச் சுற்றினார். போகும்போது பூசைக்கு வரச் சொன்னார்கள். பிரியந்தி லீவு போட்டுவிட்டுப் போனாள். மரத்தடியில் புதுத் தகரத்தின்கீழ் அவளுடைய தாச்சி, அல்லது சாமியுடைய தாச்சி, மஞ்சளும் குங்குமமும் பூசிக்கொண்டு எரிந்தது. கவ்வாத்துக் கத்திகளை வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார்கள். எல்லோரும் கும்பிட்டார்கள், அவளும் கும்பிட்டாள். ஆனால் என்ன சொல்லிக் கும்பிடுவது? தப்பான சட்டியென்றால் மன்னித்துக்கொள் என்பதா, சரியான சட்டியைக் கழுவியதற்கு மன்னித்துக்கொள் என்பதா? இரண்டையும் சொல்லி வைத்தாள்.

வீட்டில் மிச்சமிருந்த இரண்டையும் மறுபடி சுவரில் மாட்டினாள். அதில் ஒன்று சாமியுடையதாக இருந்தால் சுவரில் மாட்டுவது மரியாதையில்லை என்று கழற்றிச் சாமிப்படத் தட்டில் வைத்தாள். துரை மாட்டிறைச்சி பொரித்த சட்டியாக இருந்தால் அங்கே வைப்பது அதைவிட மோசம் என்று பட்டது. அங்கிருந்து அலுமாரிக்கு மேலே போயின. அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் சுதாகரன் ஒரு தரம் மேலே பார்த்துக்கொள்வான்.

வெட்டு முடிந்த அன்று அழகன் போன் எடுத்தார். "ஒருத்தர் கையிலயும் ஒரு கீறல் கூட இல்ல தங்கச்சி. சாமி சட்டிதான் அது." பிரியந்திக்கு அன்றிரவு நல்ல தூக்கம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பின்னேரம், குடையோடு கடையைத் தாண்டிப் போனவளை முத்துலிங்கம் கூப்பிட்டார். தகரக் குவியலை அன்றைக்குத்தான் லொறியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அந்த இடத்தில் தரை வெறுமையாக இருந்தது.

"பார்மசி அக்கா, இதும் ஒங்களுக்குத்தான். அடியில கெடந்திச்சு. அந்த லொறியில வந்த சாமான்தான்."

அதே அச்சில் இன்னொரு தாச்சி. உள்பக்கம் முழுக்க எண்ணெய் இறுகிக் கீல் போலக் கிடந்தது. அந்தக் கீலுக்குள் கருகிய திரித் துண்டுகள். விளிம்பைச் சுற்றிக் குங்குமம். இது பெயின்ட் இல்லை, துருவும் இல்லை. சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

"எந்தத் தோட்டத்துத் தகரம் அண்ணே?"

"அத யாரு பாத்தா? லொறி கொத்மல ரோட்டுல எல்லாத் தோட்டத்துக்கும் போகுது."

பிரியந்தி அதை வாங்கி இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்படியானால் அந்த மூன்றில் ஒன்றின் சிவப்பு என்ன? அது வெறும் பெயின்ட்தானா? அவர்கள் கும்பிடுவது எந்தப் பங்களாவின் சட்டி? இதைப் போய்ச் சொன்னால், அடிபடாமல் முடிந்த வெட்டை நினைத்து நிம்மதியாக இருக்கிறவர்கள் என்ன ஆவார்கள்? சொல்லாவிட்டால்? வெள்ளிக்கிழமைவரை பையை அவிழ்க்காமல் வைத்திருந்தாள். பிறகு கொத்மலை பஸ் ஏறினாள்.

அம்மாக்கண்ணு வேலை முடிந்து சாமியிடத்தில்தான் இருந்தாள். தாச்சியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். அதன் மினுக்கம் போய், ஓரமெல்லாம் பிசுக்கேறத் தொடங்கியிருந்தது. பிரியந்தி பையிலிருந்து மற்றதை எடுத்து நீட்டினாள்.

அம்மாக்கண்ணு வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஒரு திரித் துண்டைத் தொட்டாள்.

"பாவம், யாரோ வெளக்கு ஏத்தியிருக்காங்க."

"இது ஒங்களோடது இல்லையாக்கா?"

"எங்களுது இந்தா எரியுதே."

பிரியந்தி அவள் முகத்தையே பார்த்தாள். தெரிந்துகொண்டு சொல்கிறாளா, உண்மையாகவே தெரியவில்லையா? அந்த முகத்தில் எதுவும் பிடிபடவில்லை. விளக்கின் வெளிச்சம்தான் அதில் ஆடியது.

"நல்லா பாருங்கக்கா. எத்தன வருசம் ஏத்தினீங்க."

"எங்களுது இவ்வளவு அழுக்கா இருக்காது புள்ள" என்றாள் அம்மாக்கண்ணு. "இருந்திருக்குமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு தாச்சியைத் திரும்பவும் பைக்குள் வைத்து, பையின் வாயை அவளே முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

"இத நான் என்ன செய்யட்டும்?"

"ஒங்க வீட்டுக்கு வந்தா என்ன செய்வீங்க?"

"கழுவுவேன்."

"கழுவாதீங்க" என்றாள் அம்மாக்கண்ணு. "யாராச்சும் தேடிக்கிட்டு வந்தா?"

மறுநாள் பார்மசியில் கூட்டம் குறைந்த நேரத்தில் பிரியந்தி முத்துலிங்கத்துக்குப் போன் எடுத்தாள். யாராவது சட்டி தேடி வந்தால் தன்னிடம் அனுப்பச் சொன்னாள்.

"எப்படிப்பட்ட சட்டின்னு சொல்லட்டும்க்கா?"

"கறுப்பா இருக்கும். ஒரு பக்கம் கைப்பிடி..." அவள் நிறுத்தினாள். மேலே சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தாள்.

"யாரு எந்தச் சட்டியக் கேட்டு வந்தாலும் அனுப்புங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டோடு காத்திருந்தவரின் பக்கம் திரும்பினாள்.