அட்டைப்படத்தில் ஒரு கை

பாலம் கட்டிய நாட்களில் நூறடி உயரத்தில், பிடிமானம் இல்லாத இரும்புச் சட்டத்தின் மேல் நடந்தவர் பொறியாளர். இன்று மனநலக் காப்பகத்தின் மூன்று படிகளை ஏறுவதற்கே கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"செக்கைக் குடுக்க வந்தீங்களா, கழுத்தைக் குடுக்க வந்தீங்களா? முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கே!" என்றாள் மகள்.

"வெயில்மா."

வானம் மூடிக் கிடந்தது.

தன் குடும்ப வரலாற்றை அவர் புத்தகமாக எழுதியிருந்தார். லாபம் முழுவதும் இந்தக் காப்பகத்துக்கு என்று பின்னட்டையில் போடச் சொன்னதும் அவர்தான். ஊருக்கு அது தருமம். அவருக்கோ, உள்ளே இருக்கும் தம்பிக்கு யாருக்கும் தெரியாமல் ஏதாவது செய்ய மானம் கெடாத ஒரு வழி.

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன், தங்கையின் கல்யாணப் பேச்சு நடந்தபோது, அப்பா வேறு பெயரும் முகவரியும் கொடுத்துத் தம்பியை இங்கே சேர்த்தார். சித்தம் கலங்கிய பிள்ளை இருக்கும் வீடு என்று தெரிந்தால் சம்பந்தம் கூடிவராது. உறவுக்காரர்களிடம், காய்ச்சலில் போய்விட்டான் என்றார். அப்பாவுக்குப் பிறகு அந்தப் பொய்க்கு இவர் காவல். புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் அதை அச்சிலும் ஏற்றிவிட்டார்.

லாபப் பணத்துக்கான செக்கை நேரில் வந்து கொடுங்கள் என்று காப்பகத்தார் கூப்பிடுவார்கள் என்றும், மகள் முந்திக்கொண்டு சரி என்று சொல்வாள் என்றும் அவர் நினைக்கவே இல்லை.

போதாக்குறைக்கு அந்த அட்டைப்படம். அவர் பட்டம் வாங்கிய அன்று, அண்ணனும் தம்பியுமாக எடுத்துக்கொண்டது. தம்பியை வெட்டச் சொன்னார், வெட்டினார்கள். அண்ணன் தோளில் கிடந்த கை மட்டும் தங்கிவிட்டது. சுட்டுவிரலில் பாதி இல்லாத கை. சின்ன வயதில் கதவிடுக்கில் போன விரல் அது. கதவைச் சாத்தியது இவர்.

"யாரு கைப்பா இது?" என்று அப்போதே கேட்டாள் மகள்.

"போட்டோக்காரர் கை. நேரா நிக்கச் சொல்லித் தொட்டார்."

கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொறியாளர் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. மடியில் கிடந்த கைகளையே வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். எல்லாம் முழு விரல்கள். மூச்சு வந்தது.

"வாரம் ஒரு அத்தியாயம் இவங்களுக்கு வாசிச்சுக் காட்டினோம் சார்," என்றார் காப்பாளர் அம்மாள். "உங்க தம்பி இறந்த பக்கம் வந்தப்போ ஒருத்தர் மட்டும் எழுந்து வெளியில போயிட்டார். அப்புறம் வந்து, இன்னொரு தடவை படிங்கன்னார். மூணு தடவை படிச்சோம்."

அவர் மறுபடியும் அந்தக் கைகளை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் தோளில் விழுந்தது. திரும்ப வேண்டிய தேவையே இல்லை. அந்தக் கனம் தெரியும். ஒரு விரல் எட்டாத அந்தப் பிடியும் தெரியும்.

"பயப்படாதண்ணா," காதோரம் ஒரு கிசுகிசுப்பு. "நான் யார்கிட்டயும் சொல்லல. செத்தவன் எங்கயாவது பேசுவானா?"

மகள் அந்தக் கையைப் பார்த்தாள். தன் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள்.

"போட்டோக்காரராப்பா?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டு போதும். தங்கையின் புகுந்த வீடு, அப்பாவின் பெயர், நாற்பத்தோராம் பக்கம் எல்லாம் பத்திரமாக இருக்கும். இந்தச் சட்டத்திலிருந்து விழுந்தால் பிடிக்க ஆளில்லை.

"இல்லம்மா," என்றார். "உன் சித்தப்பா."

தோளிலிருந்த கை சுட்டதுபோல் விலகியது. "ஐயோ, நான் சொல்லலண்ணா! சத்தியமா நான் வாயே திறக்கல! அப்பாகிட்ட சொல்லிடாதண்ணா!" நரைத்த தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு தம்பி சுவரோடு ஒடுங்கினார்.

இத்தனை வருடமும் தன் ஒருவனுக்குத்தான் பயம் என்று நினைத்திருந்தார் பொறியாளர். சுவரருகே போனார். அந்த அரைவிரல் கையை மெல்ல எடுத்துத் தன் தோளில் வைத்து, விழாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்லலடா," என்றார். "நான்தான் சொன்னேன்."