ஓரத்தில் பென்சில் கோடுகள்

றுமானாவின் கொப்பிக்கு முன்னால் அச்சடித்த புத்தகமும் தோற்றுப்போகும். துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள கல்லூரியில் கப்பல் சரக்கு டிப்ளோமா படிக்கிறாள். பாடம் எடுக்கும் சோமசேகரம் சேரின் தும்மலைத் தவிர மற்ற எல்லாம் அந்தக் கொப்பியில் ஏறிவிடும். "ஒருக்கா என்ட கையால எழுதினா மவுத்தாகும் வரைக்கும் மறக்காது" என்று கிண்ணியா பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம் பெருமையடிப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு முதல் பரீட்சையில் எழுபத்துநாலு. தம்பலகாமத்துச் சிவாஜினிக்கு எண்பத்தொன்பது. யானை றோட்டை மறித்ததென்று கிழமைக்கு இரண்டு நாள் பிந்தி வருகிறவள். தவறிய பாடத்துக்கு றுமானாவின் கொப்பியையே இரவல் வாங்குகிறவள்! றுமானாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. அடுத்த பரீட்சையில் முதலாவதாக வருகிறவருக்குத்தான் துறைமுகத்தில் பயிற்சி இடம். இருப்பதோ ஒரேயொரு இடம்.

அதன் பிறகுதான் கொப்பியின் ஓரத்துக் கோடுகள் அவள் கண்ணில் பட்டன. சிவாஜினி திருப்பித் தந்த பக்கங்களில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். ஒன்றில் மூன்று, இன்னொன்றில் ஏழு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பரீட்சைக்கு வரும் இடங்களை யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று றுமானா முடிவுகட்டிவிட்டாள்.

"உதென்ன கோடு?"

"அது சும்மா, என்ட பழக்கம். அழிச்சுத் தரட்டா?"

சும்மாவாம்! சும்மா ஆடுமா குடுமி?

அடுத்த கிழமை சிவாஜினி பிந்திய நாளில், ஒரு கடல் மைல் 1852 மீற்றர் என்று சேர் படிப்பித்தார். றுமானா அதை எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, 1825 என்று முத்துமுத்தாகத் திரும்ப எழுதினாள். பொய் பொருந்த வேண்டுமே என்று உதாரணக் கணக்குகள் நாலையும் அதே எண்ணால் பெருக்கிவைத்தாள். பிறகு சிரித்த முகத்தோடு கொப்பியை நீட்டினாள்.

பரீட்சையன்று காலையில்தான் கொப்பி திரும்பி வந்தது.

"உள்ள ஒண்டு குறிச்சிருக்கன். பாத்திட்டு எழுதப் போ" என்றாள் சிவாஜினி.

கடைசி நேரத்தில் குழப்பப் பார்க்கிறாள் கள்ளி என்று றுமானா கொப்பியைத் திறக்காமலே பைக்குள் செருகினாள்.

மூன்றாம் கேள்வி: பன்னிரண்டு கடல் மைல் எத்தனை மீற்றர்? அவளுடைய கை யோசிக்கவில்லை. 21,900 என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. எல்லாருக்கும் முதல் எழுதி முடித்தவளும் அவள்தான்.

வெளியே படிக்கட்டில் சிவாஜினி வந்து சேர்ந்தாள்.

"மூண்டாவதுக்கு இருபத்திரண்டாயிரத்து இருநூற்றி இருபத்திநாலுதானே?"

 அப்போதுதான் றுமானாவுக்கு நினைவு வந்தது, தான் ஐந்து தரம் கையால் எழுதியது எந்த எண்ணை என்று. அந்த ஒரு கேள்விக்கு இருபது புள்ளி. படியிலேயே உட்கார்ந்து கொப்பியைத் திறந்தாள். 1825க்குப் பக்கத்தில் பென்சில் கோடு; அதன் கீழே சிவாஜினியின் எழுத்து.

"சந்தேகமாக் கிடந்தது. லைப்ரரியில பாத்தன், 1852. அவசரத்தில மாறி எழுதிப்போட்டாய் போல. கட்டாயம் திருத்து."

"எனக்குச் சந்தேகம் வாற இடத்திலதான் கோடு கீறுவன். பிறகு தேடிப் பாப்பன்" என்றாள் சிவாஜினி, பக்கத்தில் உட்கார்ந்தபடி. "நல்லகாலம், உன்ட பிழை என்ட கண்ணில பட்டது. காலமை பாத்தனீதானே?"

"ஓம்" என்றாள் றுமானா.