முழங்கைக்கு ஒரு பொத்தான்

சியோலில் டிவி செயலி ஒன்றுக்குத் திரை வடிவமைப்பவள் ஹேரிம். புதுத் திரையை மக்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று நேரில் பார்க்க, மாங்வோன் சந்தையில் கிம்ச்சி என்ற கார ஊறுகாய்க் கடை வைத்திருந்த ஓக்சுன் அக்காவிடம் போனாள்.

அக்கா இரண்டு கையிலும் ரப்பர் உறை மாட்டி, முட்டைக்கோசுக்கு மிளகாய் விழுது தடவியபடி நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். கதாநாயகி மாமியாரிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து, "இன்னும் பார்க்கிறீர்களா?" என்று திரை கேட்டது. அக்கா ரிமோட்டை முழங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார். நாடகமே மூடிக்கொண்டது.

"எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலை இது? நான் என்ன செத்தா போயிட்டேன், இருக்கியான்னு கேக்க?"

"நான்தான்க்கா செஞ்சேன்," என்றாள் ஹேரிம், காது சிவக்க.

"நீயா! உங்க ஆபீஸ்ல யாரும் கை அழுக்காகிற வேலையே செய்யமாட்டீங்களா?"

உண்மைதான். திரையில் அந்தக் கேள்விக்குக் கீழே முதலில் நிற்பது 'வெளியேறு' பொத்தான்; அதைத் தாண்டித்தான் 'தொடர்' பொத்தானுக்குப் போகமுடியும். அலுவலகத்தில் சுத்தமான விரலால் சோதித்த ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

ஹேரிம் முள்ளங்கிப் பெட்டியின்மேல் மடிக்கணினியை வைத்து, ரிமோட்டில் எதை அழுத்தினாலும் நாடகம் தொடரும்படி அக்காவின் டிவியில் அங்கேயே மாற்றி, விட்ட இடத்தில் அதே கேள்வியை மறுபடி வரவழைத்தாள்.

"இப்ப அழுத்துங்கக்கா."

முழங்கை இறங்கியது. கதாநாயகி உண்மையைப் போட்டு உடைத்தாள். வரிசையில் நின்ற பெண்கள் வாங்க வந்ததை மறந்து கைதட்டினார்கள்.

"வாயத் தொற," என்று அக்கா ஒரு கிம்ச்சி இலையைச் சுருட்டி ஹேரிமுக்கு ஊட்டினார். காரத்தில் கண்ணீர் வந்தது. எந்த அலுவலகக் கூட்டத்திலும் அவளுக்கு இப்படியொரு பாராட்டு கிடைத்ததில்லை.